பெட்டிக்கு உயிர் வராத சனிக்கிழமை

இல்லை, ராம் மெமரி இல்லை, அந்த ராம் அட்டையை இத்தோடு எத்தனையாவது தடவையாகக் கழற்றி மாட்டுகிறேன், இரண்டு ஓரமும் க்ளிக் என்று உட்காருகிற வரை அமுக்கியாகிவிட்டது, இன்னும் அமுக்கினால் போர்டு இரண்டாகப் பிளந்துவிடும், அப்புறம் கால் நீட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டியதுதான்... அப்படியென்றால் வேறு என்ன? மதர்போர்டா, பவர் சப்ளையா, இல்லை இந்தப் பொத்தானேவா? பொத்தானில் என்ன இருக்கிறது, இரண்டு ஒயர், ஒன்றை ஒன்று தொட்டால் மெஷின் எழுந்துகொள்ள வேண்டும், ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து நேராகவே தொட்டுப் பார்த்தாயிற்று, ஒரு முனகல் இல்லை, பிணம். சுவரில் சுவிட்சை அணை, உள்ளே கையை விடு, கழற்று, மாட்டு, கையை வெளியே எடு, சுவரில் சுவிட்சைப் போடு, பொத்தானை அமுக்கு, பிணம். மறுபடி சுவிட்சை அணை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். சொன்னவன் கம்ப்யூட்டர் கட்டிப் பார்த்ததில்லை. நாலு மணிக்கு ஆன்லைனில் ஆட்டம், இப்போது மூன்று தாண்டிவிட்டது, இந்தச் சனியனுக்குள் நான் இரண்டு வருடம் சேர்த்த பணம் அத்தனையும் கிடக்கிறது, ஒரு விளக்குகூட எரியவில்லை.

கரண்ட் இல்லையோ என்று யாரும் கேட்க வேண்டாம், கரண்ட் இருக்கிறது, அதே சுவரில் பக்கத்து ஓட்டையில் சொருகிய பழைய மானிட்டர் எருமை மாதிரி விழித்துக்கொண்டு கிடக்கிறது, "சிக்னல் இல்லை" என்று எழுதிக் காட்டி என்னைக் கேலி செய்கிறது. தெரியும், சிக்னல் இல்லைதான், நீ சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தலைக்கு மேலே பல்பு ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்று காலையிலிருந்தே இப்படித்தான், நேற்று சாயங்காலம் முழுக்க இல்லை, இன்று வந்துவிட்டு ஆட்டம் காட்டுகிறது, டும்சோர் என்று இந்த ஊர்க்காரர்கள் நாங்கள் அதற்குப் பெயர் வைத்துச் செல்லம் கொடுத்து வளர்த்துவிட்டோம். நேற்று போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, நெட் கஃபேயிலேயே ஆட்டம்வரை எல்லாம் ஏற்றிவைத்த டிஸ்க்கை மாட்டிக் கடைசி ஸ்க்ரூவை முறுக்கினேன், முதல் தடவை உயிர் கொடுத்துப் பார்க்கக் கரண்ட் இல்லை, சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று சொருகி வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் அரை நாள் ஆபீஸ், ஓடி வந்து இதன் முன்னால் உட்கார்ந்தவள்தான், சோள மாவுக் கென்கியும் மீனும் வாங்கி வந்தது அப்படியே இலையோடு கட்டிலில் காய்கிறது.

போன் துடிக்கிறது, அடோட்டே. எங்கள் ஐந்து பேருக்கும் தலைவன், எப்போதும் பேசி அனுப்புவான், எழுதத் தெரியாதவன் மாதிரி, வாய்க்கு வாய் சார்லி, தோழா என்கிற மாதிரி. "செனம், சார்லி, எங்க இருக்க? எல்லாரும் உள்ள வந்தாச்சு, நீ மட்டும் பாக்கி. மூணே முக்காலுக்கு நான் பேர் குடுக்கணும், கேக்குதா?" கேட்கிறது, கேட்கிறது, காது நன்றாகவே கேட்கிறது. குமாசி ஊர் அணிக்காரர்களை இன்று ஜெயித்தால் நாங்கள் பெரிய போட்டிக்கு நைரோபி போகிறோம், தோற்றால் அடுத்த வருடம், நான் உள்ளேயே வராவிட்டால் என் இடத்தில் மாற்று ஆள் முபாரக். அந்த முபாரக் இப்போதே நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான், எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று. குழுவில் பேசி அனுப்பியிருக்கிறான் பாருங்கள், "செனம் அக்கா, புதுப் பெட்டிக்கு ஸ்னாப்ஸ் சாராயம் ஊத்தி முன்னோர்களக் கூப்பிட்டியா? ஊத்தலன்னா எப்படி எழுந்திரிப்பாங்க?" அதற்கு மூன்று பேர் சிரிப்பு. சிரியுங்கள்டா. இரண்டு வருடம் நெட் கஃபேயில் வாடகை மெஷினில், ஷிஃப்ட் கீ பாதி வேலை செய்யாத மெஷினில், உங்கள் எல்லாரையும் தூக்கிச் சுமந்து இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எந்தக் கை? சரி, அந்தக் கஃபேக்கே ஓடலாமென்றால் அதுவும் பூட்டு, சனிக்கிழமை ஆயிற்றே, இந்த ஊரில் சனிக்கிழமை என்றால் யாராவது யாரையாவது புதைத்தாக வேண்டும், கஃபேக்காரர் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு காலையிலேயே போயாயிற்று. என் அண்ணிகூடப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஹோ ஊருக்குச் சாவுக்குத்தான் போயிருக்கிறாள். செத்தவர்களுக்கு இருக்கிற மரியாதை... சரி விடு, பவர் சப்ளையைப் பார்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கத் தெரியும் எனக்கு, அதன் பெரிய ஒயரை போர்டிலிருந்து பிடுங்கி, பேப்பர் க்ளிப்பை வளைத்து இன்ன ஓட்டைக்கும் இன்ன ஓட்டைக்கும் பாலம் போட்டால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். பாலம் போட்டேன். சுவிட்சைப் போட்டேன். சுற்றவில்லை, அணைத்தேன். ஆகா, அகப்பட்டாயா! அப்படியென்றால் நீதான், நீதான் செத்துப் பிறந்தவன்! விற்றவனைப் போனில் பிடித்தேன், அக்ராவில் அவன் கடையில் பின்னால் ஒரே பாட்டுச் சத்தம், "தயவுசெஞ்சு மேடம், பின்னாடி இருக்கிற சின்னப் பட்டனப் போட்டீங்களா?" போட்டேன். "தயவுசெஞ்சு மேடம், ஒயரை நல்லா அமுக்கினீங்களா?" அமுக்கினேன். "அப்படின்னா தயவுசெஞ்சு, வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க மேடம்." தயவுசெய்து, தயவுசெய்து, ஒவ்வொரு தயவுக்கும் ஒரு செருப்படி. எதிரில் இருந்திருந்தால் அந்தப் பேப்பர் க்ளிப்பை அவன் மூக்கில் சொருகிப் பாலம் போட்டிருப்பேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை, வைத்துவிட்டேன்.

வீட்டில் ஆம்பிளை இருக்கிறார், இல்லாமல் என்ன. கதவுத் திரைச்சீலை காற்றில் விலகும்போதெல்லாம் முதுகு தெரிகிறது, எஃபோ எடெம், என் அண்ணன், என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவன். முன்கட்டுதான் அவன் கடை, 'கர்த்தரே என் பெலன் கோல்ட் ஸ்டோர்', ஃப்ரீசர் நிறைய மீனும் கோழியும். மற்றச் சனிக்கிழமை என்றால் இந்நேரம் வேப்ப மரத்தடியில் கட்டம் போட்ட பலகைக்கு முன்னால் உட்கார்ந்து காயை ஓங்கி ஓங்கி அடித்து ஊரைக் கூட்டிக்கொண்டிருப்பான், வாடிக்கை வந்தால் நான்தான் எழுந்து மீன் எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்று போகவில்லை. ஒருமுறை மரத்தடிக்காரர்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஃப்ரீசர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். எதற்கு? எதற்கென்று தெரியாதா எனக்கு? நான் தோற்பதைப் பார்க்க. உள்ளே வந்து என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, காதை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான். இந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றே சொன்னவன்தானே, "இவ்ளோ பெரிய பெட்டி, ஒரு சால்மன் மீனக்கூட உள்ள வைக்க முடியாது, இதுக்கா நீ சாப்பிடாம கெடந்த?" சர்ச்சில் கிழவர்களிடம் என்னைக் காட்டி, "நம்ம சின்னது, கம்ப்யூட்டர்ல ஆளச் சுடுது" என்று சொல்லி எல்லாரும் பல்லைக் காட்ட, நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேனே, அதை மறப்பேனா? கம்ப்யூட்டரில் சுடுகிறேன், ஆமாம், இந்த நாட்டில் என்னைவிட நன்றாகச் சுடுகிற பெண் இருந்தால் காட்டு பார்ப்போம்.

மேல் தகட்டை எடுத்து ஓரமாக வைத்தபோதுதான் விரலில் வழவழவென்று என்னமோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய்! வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நட்ட நடுவில் ஒரு சிலுவை, கட்டை விரலால் இழுத்தது, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், சொட்டு வழிந்த தடத்தோடு. எனக்கு அப்படியே உச்சந்தலையில் தீப்பிடித்தது. ஃபேன் ஓட்டைகள் எல்லாம் மேல் தகட்டில்தானே இருக்கின்றன, அதன் வழியாக உள்ளே, போர்டின் மேலே, அந்தச் சன்னக் கால்களுக்கு நடுவே எண்ணெய்... திரைச்சீலையைப் பிய்த்துக்கொண்டு போய் நின்றேன். "எஃபோ! என் பெட்டியத் தொட்டியா?" அவன் ஃப்ரீசரிலிருந்து கண்ணை எடுக்காமல், "தொட்டேன்" என்றான், ஏதோ உண்டியலில் காசு போட்டவன் மாதிரி. "எண்ணெய் தடவினியா?" "தடவினேன். பாஸ்டர் ஜெபம் பண்ணிக் குடுத்த ஆலிவ் எண்ணெய். ஃப்ரீசருக்கும் அதத்தான தடவினோம், இன்னிக்கி வரைக்கும் ஒரு கொற உண்டா?" "அது ஃப்ரீசர்! இதுக்குள்ள எண்ணெய் போனா செத்துரும்! செத்துருச்சு!" "உள்ள எங்க போச்சு, மேலாப்புல ஒரு கோடு இழுத்தேன்... இரு, கத்தாத, எண்ணெய் மட்டும் இல்ல, காலைல நான் பின்னாடி கையவிட்டு..." "பின்னாடியும் தடவுனியா? எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டியா?" "ஏ சின்னவளே, சொல்றதக் கேளு..." கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? வாழ்நாள் முழுக்க அவன் சொன்னதைத்தான் கேட்டேன், நர்ஸுக்குப் படி என்றான், படித்தேன், பிடிக்கவில்லை என்று விட்டேன், அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை அவனுக்கு, அதுதான் இந்த எண்ணெய், ஜெபம் என்ற பெயரில்... "நான் ஜெயிச்சிரக் கூடாது, அவ்ளோதான உனக்கு?" என்றேன். அவன் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன், சாத்திய வேகத்தில் சுவர் அதிர்ந்து மானிட்டர்கூட ஒருதரம் கண்ணை மூடித் திறந்தது.

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தேன், தகடு, ஃபேன், போர்டு, ஒவ்வொரு மூலையும். போர்டில் எண்ணெய் இல்லை, ஒரு துளி இல்லை, ஆனால் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, இருந்தால் இவன்தான் காரணம் என்று கையில் பிடித்துக் காட்டலாம் இல்லையா... என்ன புத்தி இது? மெஷின் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, கெடுத்தவன் கிடைத்தால் போதும் என்று. சரி, மாட்டு. சுவிட்ச். பொத்தான். பிணம். சுவிட்சை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன், மேஜைக்குப் பின்னால் சுவருக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்தான், அதில் முழங்கை வரை விட்டுத் தடவித் தடவி அந்தச் சுவிட்சை அடித்ததில் தோல் உரிந்துவிட்டது, பொத்தானைக் கட்டை விரலால் அமுக்கி, முஷ்டியால் குத்தி, பெட்டியை ஒரு அறை அறைந்து, அறைந்த கை வலித்து, வலித்த கைக்காக இன்னொரு அறை. எழுந்திரு! எழுந்திருடா! மூன்றே முக்காலுக்கு இன்னும் கொஞ்சம்தான். அடோட்டேயின் குரல் மறுபடி, இந்தத் தடவை சார்லி இல்லை, செனம் மட்டும். "செனம், என்ன பண்ணட்டும், சொல்லு." கடைசியாக ஒருதரம் சுவிட்சைப் போட்டேன். கையை எடுத்தேன். அமுக்கிப் பார்த்தேன். இல்லை. போனைத் தூக்கி, "முபாரக்கப் போட்டுக்க" என்று பேசி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் எதையும் தொடவில்லை. தொட என்ன இருக்கிறது? தலையை மேஜையில் வைத்துக்கொண்டேன், கண்ணீர் வந்தது, அதுவும் கோபத்தில் வந்ததுதான், வருத்தமெல்லாம் இல்லை, வருத்தப்படுகிற ஆளா நான்? திங்கட்கிழமை விற்றவன் கடைக்குப் போய் நடுக்கடையில் இதைப் போட்டு உடைப்பேன். இல்லை, எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றுவிட்டு, நர்ஸ் வேலைக்கே போய், எல்லாருக்கும் ஊசி குத்துவேன், வலிக்கிற மாதிரி. முபாரக் நைரோபி போவான், விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்புவான், 'செனம் அக்கா இல்லாமல் இது நடந்திருக்காது' என்று எழுதுவான், அது உண்மையும்கூட, அதுதான் தாங்க முடியாது. மரத்தடியில் காய் அடிக்கிற சத்தம் கேட்கிறது, யாரோ ஜெயித்துவிட்டுக் கத்துகிறார்கள். எறும்பு ஒன்று கென்கி இலையை நோக்கிப் போகிறது, போ, தின்னு, நீயாவது தின்னு. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. காதுக்கு நேர் கீழே, மேஜைக்குப் பின்னால், டக் என்று ஒரு சத்தம்.

தலையைத் தூக்கினால் பெட்டிக்குள்ளே, போர்டின் ஓரத்தில், கடுகளவு வெளிச்சம், ஆரஞ்சு நிறத்தில். நான் எதையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. பயந்துகொண்டே பொத்தானை ஒரு விரலால் லேசாகத் தொட்டேன், அவ்வளவுதான், அத்தனை ஃபேனும் ஒன்றாக மூச்சு விட்டன, எருமை மானிட்டர் விழித்து எழுத்துகளாகக் கொட்டத் தொடங்கியது. எழுந்துவிட்டது! கத்தினேனா, சிரித்தேனா... ஆனால் ஏன் இப்போது? ஒன்றும் செய்யாதபோது ஏன்? கன்னத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டு போன் டார்ச்சை அந்த இடுக்கில் அடித்தேன். நேற்று நான் நேராகச் சுவரில் சொருகிய ஒயர் அங்கே இல்லை. சுவருக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு வெள்ளை டப்பா, பச்சை விளக்கு எரிகிறது, அதன் பக்கவாட்டில் காய்ந்துபோன மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃப்ரிட்ஜ் கார்டு, கரண்ட்டுக்குக் காவல் நிற்கிற டப்பா. எஃபோவுடையது, ஃப்ரீசருக்கு மாட்டியிருப்பது. முந்தின ஃப்ரீசர் ஒரு டும்சோரில், கரண்ட் திரும்பி வந்த வேகத்தில், புகைந்து செத்தது, அத்தனை மீனும் நாறி, அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து அவன் கழிவறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுததை நானும் அண்ணியும் வெளியே நின்று கேட்டோம். அதற்கப்புறம் வாங்கியது இந்த டப்பா, பெண்டாட்டியைவிட இதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறான் என்று அண்ணி சொல்லிக் காட்டுவாள். கரண்ட் வந்ததும் இது உடனே விடாது. கொஞ்ச நிமிஷம் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிக்காமல் நிற்கிறதா என்று பார்க்கும், அப்புறம்தான் டக் என்று திறந்துவிடும். நடுவில் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்கும். மறுபடி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. அப்படியென்றால் மத்தியானம் முழுக்க... பொறுக்காமல் நான் அடித்த ஒவ்வொரு சுவிட்சும்... பவர் சப்ளை நன்றாக இருந்தது, ராம் நன்றாக இருந்தது, தயவுசெஞ்சு மேடம்காரன்கூட யோக்கியன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னவன் எங்கே, அவனையும் இரண்டு அறை அறைய வேண்டும்.

கதவைத் திறந்தேன். ஸ்டூலில் அதே இடத்தில் அதே முதுகு. இப்போதுதான் கையைப் பார்த்தேன், வலது கை ஃப்ரீசரின் பிளக் மேலேயே இருந்தது, கண் ஃப்ரீசர் மேல் இல்லை, அதற்கு மேலே தொங்குகிற பல்பு மேல். பல்பு திடீரென்று வெளுத்து ஏறியது, அவன் பிளக்கைப் பிடுங்கினான், காத்திருந்தான், உதடு அசைந்தது, பல்பு மஞ்சளுக்கு இறங்கியதும் மறுபடி சொருகினான். காலையிலிருந்து இதையே செய்துகொண்டு... டப்பாவை எனக்குக் கொடுத்துவிட்டு டப்பாவின் வேலையை இவன்.

"ஓடுதா?" என்றான், திரும்பாமலே. ஓடுகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது, "மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நீ எங்க சொல்ல விட்ட?" என்றான், பல்பைப் பார்த்தபடியே, கோபமில்லாமல், அதுதான் இன்னும் எரிந்தது. "சரி சரி, போ, போய் ஆடு. குமாசிக்காரனுங்கள விட்றாத. அவனுங்க மீன் வாங்க வந்தாலே தலகனம் புடிச்சவனுங்க." உள்ளே போனில் அடோட்டே, "உன் பேரத்தான் குடுத்திருக்கேன், முபாரக் கெடக்கான், ஓடி வா" என்று கூவிக்கொண்டிருந்தான். அந்த டப்பாவைக் கழற்றிக் கொண்டுவந்து எஃபோவிடம் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அப்புறம் என் பெட்டி அம்மணமாக நிற்கும், பல்பு இன்னொரு தடவை ஏறினால் எல்லாம் போச்சு. நின்றேன், நிற்கிற நேரம் இல்லை, "வெளில வெயில்ல ஏதாச்சும் குடிச்சியா?" என்றேன், சம்பந்தமே இல்லாமல், வெயிலும் இல்லை அங்கே. அவன் கையை மட்டும் ஆட்டினான், போ என்று. போனேன். ஹெட்செட்டைக் காதில் மாட்டினேன், அடோட்டே, "செனம், இன்னிக்கி உன் கோபம் எல்லாத்தையும் அவனுங்க மேல இறக்கு" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், முபாரக்கும் எங்கிருந்தோ சிரித்தான், ஆட்டம் தொடங்கியது. கோபம் இன்னும் அப்படியே இருந்தது, நெஞ்சு நிறைய, ஆனால் யார் மேல் என்று தேடிப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.